கூண்டுக்காரர்

ஜனவரி 9

தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவருடைய வலது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாயா, கோபத்துக்குப் பின்னால் போடுகிறாயா?

போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது வாக்கியத்திலேயே தகராறு வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமைகளில் மருந்துக்கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வாசல் நடைபாதையில் கொஞ்ச நேரம் நிற்கிறோம். அந்தத் தூர தேசத்துப் போரில் தினம் செத்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்காக. இருமல் மருந்துப் புட்டிகளை ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி எடுத்து, அவற்றுக்குள் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறேன். நான், நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், பக்கத்து போட்டோ ஸ்டூடியோக்காரர், போகிற வழியில் நின்றுவிடுகிற சிலர், இவ்வளவுதான் கூட்டம். அந்த வாரத்துச் செய்தி ஒன்றை நான் சத்தமாக வாசிப்பேன். பிறகு மெழுகுவர்த்தி அணைகிறவரை யாரும் பேச மாட்டோம்.

வாசிப்பது உன் பக்கத்தைத்தான். வெளிநாட்டுச் செய்தி, ஒன்பதாம் பக்கம். என் தம்பி போடுவது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, "குண்டுவீச்சில் பலர் பலி" என்று வாசித்தேன். ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "பலர்னா யாருங்க? என் பஸ் படிக்கட்டுல தொங்குறவங்களையும் பலர்னுதான் எழுதுறாங்க."

ஒரே ஓர் ஆளையாவது உன்னால் போட முடியாதா? பெயர் வேண்டாம். ஓர் ஆள் என்று தெரிந்தால் போதும்.

அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

வயிற்றுப்புண் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. மாத்திரை வந்தது. அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கம். அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்காத ஒரே உறுப்பினர் அதுதான்.

நீ என்னைப் பற்றி நடைபாதையில் பெருமை பேசியது வேடிக்கை. நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். செய்தி நிறுவனம் அனுப்புவதை வெட்டுகிறேன். விளம்பரம் வந்தால் இன்னும் வெட்டுகிறேன். போன வாரம் ஒரு மெத்தை விளம்பரத்துக்காக ஒரு கிராமத்தையே எடுத்தேன். இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியவனுக்கு வாய்த்த தொழில் இது. என்னிடம் தலைப்பு எழுதக் கற்றுக்கொண்டவர், முதலாளியின் மருமகன், இன்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தலைப்புச் சொல்லித் தருகிறார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் இளவரசர்.

பலர் என்றால் யார் என்று உன் ஓட்டுநர் கேட்டாராம். பலர் என்று வருகிறது, பலர் என்று போடுகிறேன். அவ்வளவுதான்.

கேட்டுவிட்டாய், அதனால் நானும் ஒன்று கேட்கிறேன். முகம் தெரியாதவர்களுக்காக வாராவாரம் நிற்க உனக்குக் கால் இருக்கிறது. அம்மா போன அன்றைக்கு, என் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று சொல்லி அனுப்பியும், எனக்காகக் கொஞ்சம் பொறுக்க அந்தக் காலால் முடியவில்லையே. நான் வந்து இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தீர்கள். ஈரத்தில் கால் வைக்க மனமில்லாமல் அப்படியே திரும்பினேன். இன்றுவரை உன் ஊர்ப் பக்கம் நான் வராததற்கு வேறு காரணம் எதையும் தேட வேண்டாம்.

மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜனவரி 29

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் வாசித்துவிட்டுச் சிரித்தார், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இங்கே சளிக் காய்ச்சல் பரவுகிறது. அங்கே வந்தால் வெந்நீரை விடாதே.

வெள்ளிக்கிழமை நன்றாக இல்லை. குழந்தையை இழுத்துக்கொண்டு போன ஒரு பெண், "என்னக்கா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வாராவாரம் வேகத்தைக் குறைத்து, "அவனுங்க செத்தா உங்களுக்கென்ன, போய்ப் புள்ளகுட்டியப் பாருங்க" என்று கத்திவிட்டுப் போவார். அன்றைக்கும் கத்தினார்.

மறுபடியும் "பலர்" என்றுதான் வாசித்தேன். ஸ்டூடியோக்காரர் மெழுகுவர்த்தி பாதிகூட எரியாமல் கடைக்குள் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. எனக்கே மனம் நிற்கவில்லை. கடையில் எந்த மருந்து தீர்ந்துபோயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம். பிறகு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

சளி வரவில்லை. வீட்டுக்காரி சுகம். நேற்றுப் பல் வலி என்றாள், இன்று இல்லை என்கிறாள்.

கேட்டாயே, இந்தா உன் ஆள். வியாழக்கிழமை, ஒன்பதாம் பக்கம், அடியில். பத்திரிகை உன் ஊருக்குத் தாமதமாக வருகிறது என்பதால் இங்கேயே எழுதுகிறேன்:

"சந்தை வீதியில் விழுந்த குண்டுகளில் பலர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் பறவைக் கூண்டொன்றைச் சுமந்து வந்தவர். வெடிச்சத்தம் கேட்டதும் அவர் தம் சட்டையைக் கழற்றிக் கூண்டின்மேல் போர்த்தி, அதைத் தம் உடம்புக்கு அடியில் வைத்துக் கவிழ்ந்து படுத்திருக்கிறார். அவரைப் புரட்டியபோது பறவை உயிருடன் இருந்தது."

மெத்தைக்காரன் இந்த வாரம் விளம்பரம் கொடுக்கவில்லை, அதனால் இடம் கிடைத்தது. பெரிதாக ஒன்றுமில்லை.

தம்பி


பிப்ரவரி 24

என் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நான் மிகவும் நலம்.

அன்று நீ இங்கே இருந்திருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஸ்டூடியோக்காரர் விடுவிடுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். குழந்தைகளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் வைக்கிற காலிக் கூண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கொண்டுவந்து புட்டிகளுக்கு நடுவே வைத்தார். ஓட்டுநர் யாரையும் பார்க்கவில்லை. சீருடைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, பனியனோடு நின்றார். அந்தக் குளிரில்!

மோட்டார் சைக்கிள்காரர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். வாயைத் திறந்தார். "என்ன அது?" என்று மட்டும் கேட்டார். ஓட்டுநர் சொன்னார். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

நேற்றுக் கூட்டம் தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் போய்விட்டது. அவரைக் கூண்டுக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். "கூண்டுக்காரர் வீட்டுல யாராவது மிச்சம் இருப்பாங்களா?" என்று ஓட்டுநர் கேட்கிறார். ஸ்டூடியோக்காரருக்கு அது என்ன பறவை என்று தெரிய வேண்டும். வேறு ஏதாவது தகவல் வந்ததா? அந்தப் பறவையை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

உன்னைப் பற்றிப் பெருமை பேசியதை வேடிக்கை என்றாயே. இப்போது ஊரே பேசுகிறது.

அன்புடன்
அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வயிறு சரியில்லை. நீ அனுப்பியதைவிடக் காரமான மாத்திரை இருந்தால் அனுப்பு.

இங்கேயும் கூத்துதான். கூண்டு பற்றி வாசகர் கடிதங்கள் வந்து குவிகின்றன. இளவரசர் கண்ணாடி அறையை விட்டு இறங்கி என் மேசைக்கே வந்தார். "சார், இத்தன வருஷமா இந்தக் கைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு அரைப்பக்கம் தருகிறாராம். 'போரில் ஒரு முகம்' என்று அவரே தலைப்பும் வைத்துவிட்டார். பெயரோடு வரும். அத்தானிடம் சொல். அவர் சிபாரிசில் கிடைத்த வேலை என்று ஆயுள் முழுக்கக் கேட்டாயிற்று; இந்த அரைப்பக்கத்துக்கு யார் சிபாரிசும் இல்லை.

பறவை பற்றித் தெரியாது. செய்தியில் இருப்பதுதான் எனக்கும் தெரியும். வீட்டில் யார் மிச்சம், பறவை யாரிடம் என்றெல்லாம் எந்த நிறுவனமும் எழுதி அனுப்புவதில்லை. ஓர் ஆளையே எத்தனை வாரம் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்? செத்தவர்களுக்கா பஞ்சம்? அடுத்த ஆளுக்குப் போங்கள். கூண்டை ஸ்டூடியோக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. தெருவில் வைத்துக்கொண்டு நாடகம் மாதிரி இருக்கிறது.

தூக்கம் சரியாக இல்லை. அது வயிற்றினால்தான்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மாத்திரை இத்துடன் வருகிறது. வெறும் வயிற்றில் போடாதே. அத்தானுக்கு ஊன்றுகோல் வாங்கியாகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஓட்டுநருக்குப் பணி மாறியதால் அவரால் வர முடியவில்லை. கூண்டை மூடச் சட்டை இல்லை. காற்று வேறு. என் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். போர்த்தி, நான்கு முனைகளையும் கம்பியில் சுற்றி, கதவுப் பக்கம் மட்டும் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. முடிச்சைப் பார்த்த பிறகுதான் அது யார் போடும் முடிச்சு என்று தெரிந்தது.

நாம் சின்னவர்களாக இருந்தபோது மாடி வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, சாமானெல்லாம் லாரியில் ஏறிய பிறகு, அம்மா தன் மேல் துணியால் நம் மைனாக் கூண்டை இப்படித்தான் மூடினாள். "இருட்டா இருந்தா பயப்படாதுடா, மூச்சு விட மட்டும் வழி விடணும்" என்று உன்னிடம்தான் சொன்னாள். வழி நெடுக லாரி குலுங்கியபோதெல்லாம் கூண்டின்மேல் கவிழ்ந்துகொண்டாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில்.

அந்தச் செய்தி மற்ற பத்திரிகைகளில் வந்திருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. உன்னையே கேட்கிறேன்.

அந்த மனிதர் அம்மாதானே?

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஆமாம். "சந்தை வீதியில் பலர் பலி." வந்தது அந்த ஒரு வரிதான். மீதியை நான் எழுதினேன். அம்மாவை நினைத்து உட்காரவில்லை. ஓர் ஆள் வேண்டும் என்றாய், பேனாவை எடுத்தேன், கூண்டோடு வந்து நின்றார். அம்மா என்பது உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நம்பினால் நம்பு.

இப்போது நீ சொல். யாருக்கு என்ன நஷ்டம்? நீ உண்மையை வாசித்தபோது உன் ஆட்கள் பாதியில் எழுந்து போனார்கள். நீயே இருமல் மருந்துக் கணக்குப் பார்த்தாய். என் பொய்க்குத்தானே ஒருவர் குளிரில் சட்டையைக் கழற்றினார்? அந்த மோட்டார் சைக்கிள்காரர் எதற்காக இறங்கினார்? உன் 'பல'ருக்காகவா? நான் இல்லாவிட்டால் இந்நேரம் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாய்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வரப் போகிறது. ஜூன் மாதம் தொடங்குகிறது. நீ வாயைத் திறந்தால் அரைப்பக்கம் மட்டுமல்ல, உள்ள வேலையும் போகும். செய்வதானால் செய். எனக்காக எதையும் நிறுத்திவைத்துப் பழக்கமில்லாதவள்தானே நீ.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் வயிறு எப்படி இருக்கிறது? கோபமாக இருந்தாலும் இதற்கு மட்டும் பதில் எழுது.

நீ சொன்னதெல்லாம் சரிதான். உன் பொய்க்காகத்தான் நின்றார்கள். நானும் அதற்காகத்தான் அழுதேன். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தை வீதியில் நிஜமாகவே ஒருவர் செத்திருக்கிறார். கையில் கூண்டு இல்லை. வெங்காயப் பை இருந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவரைத் தள்ளிவிட்டு ஓடியவராகக்கூட இருக்கலாம். அவருக்கு இருந்தது அந்த ஒரு வரிதான். அதிலிருந்து அவரைத் தூக்கிவிட்டு நம் அம்மாவை உட்காரவைத்திருக்கிறாய். இத்தனை வாரம் தெருவே திரண்டு நின்றும் அவருக்காக ஒருவர்கூட நிற்கவில்லை.

அம்மாவுக்காக அழ வேண்டுமென்றால் நேரே அழு. அதற்கு இன்னொருவர் சாவு வேண்டாம்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எழுதியவன் நீ. சொல்ல வேண்டியவனும் நீதான். அதுவரை நாங்கள் நிற்கிறோம். எனக்கு வாசிக்க மட்டும் நா எழவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி ஸ்டூடியோக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ கேட்டிருந்தாய்.

இடையில் உனக்கு எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். எல்லாமே நன்றாக வந்தவை. உன்னை வாயடைக்கச் செய்யும் வாதங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கத்துக்கு முதல் ஆளை எழுத உட்கார்ந்தேன். செய்தி நிறுவனத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது: பாலத்தருகே சிலர். உடனே எனக்கு ஒரு கிழவர் கிடைத்தார். கையில் கடிகாரம். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டார். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவருக்கு ஒரு பேத்தியும் வந்துவிட்டாள். பயந்துபோய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

கேட்டால் விடமாட்டார்கள் என்பதால் யாரையும் கேட்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் மெத்தை விளம்பரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டேன். போன வியாழக்கிழமை, ஒன்பதாம் பக்கம், அடியில்:

"திருத்தம். பிப்ரவரியில் இப்பக்கத்தில் வெளியான செய்தியில், பறவைக் கூண்டைச் சுமந்து வந்தவரைப் பற்றிய வரிகள் உண்மையல்ல. அவை இந்த மேசையில் எழுதப்பட்டவை. அன்று அந்த வீதியில் பலர் இறந்தது உண்மை. அவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதும் தெரியாது."

இளவரசர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "யாராவது கேட்டாங்களா சார்? கேட்டாங்களா? எவனும் கேக்காதப்ப எதுக்கு நாமளே தெருவுல நின்னு சட்டையக் கிழிச்சுக்கணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உன் ஓட்டுநரின் சட்டை ஞாபகம். சிரித்தது அவருக்கு இன்னும் கோபம். அதுவும் நியாயம்தான். அவர் கோபப்பட்டு நான் நியாயம் என்று சொல்வது இதுவே முதல் தடவை, குறித்துக்கொள்.

வேலை போகவில்லை. அரைப்பக்கம் தொடங்காமலேயே போயிற்று. மெத்தை விளம்பரத்துக்கு நஷ்ட ஈடாக ஒன்பதாம் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வானிலையும் குறுக்கெழுத்தும் கொடுத்திருக்கிறார்கள். "மழையவாவது உள்ளபடி போடுங்க" என்று வீட்டுக்காரி சொல்கிறாள்.

உன் ஆட்களிடம் நீ வாசிக்க வேண்டியிருக்கும். என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தான் ஊன்றுகோலை வைத்து எல்லோரையும் அதட்டுகிறார். குறுக்கெழுத்தில் மேலிருந்து கீழ் ஏழு தப்பு என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தொண்டை சரியாகிவிட்டது என்று சொல்லி நானே வாசித்தேன். திருத்தம் என்ற சொல்லிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஓட்டுநர் கேட்டார்: "அப்ப நான் யாருக்காகச் சட்டையக் கழட்டினேன்?" சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. கூண்டின்மேல் இருந்த சட்டையை எடுத்து, அங்கேயே பொத்தான் பொத்தானாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்து போயிற்று. "உங்க தம்பியாமே" என்று ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். ஆமாம், என் தம்பிதான் என்றேன். ஸ்டூடியோக்காரர் கூண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து மறுபடி நின்றார்.

மோட்டார் சைக்கிள்காரர் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "அந்தக் கடைசி ரெண்டு வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார். படித்தேன். அவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதும் தெரியாது. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பேரும் மெழுகுவர்த்தி அணைகிறவரை நின்றோம். அன்று எனக்குக் கடை ஞாபகம் வரவில்லை.

நேற்று ஓட்டுநரின் பஸ்ஸில் ஏறினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி வர மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைக்கு ஓர் ஆள் குறைகிறது.

வானிலைப் பக்கக்காரருக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவ்வளவு வேலை இருக்காது என்று நினைக்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து நேரே வந்தால் மருந்துக்கடை இடது பக்கம். வழக்கமாக இருட்டுகிற நேரத்தில் தொடங்குவோம். உன் பஸ் வழியில் பழுதாகி நின்றாலும் பதற வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் சரி, நீ வந்து சேர்ந்த பிறகுதான் மெழுகுவர்த்தியை ஏற்றுவோம்.

அக்கா